அறுபத்து நான்கு கட்டங்களும் ஓர் எண்ணும்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததே. முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், அறுபத்து நான்கு கட்டங்களையும் நிரப்பித் தந்தால் போதும் என்றானாம். அரசன் முதலில் சிரித்தான். பிறகு களஞ்சியத்தைத் திறந்து பார்த்துத் திகைத்தான். மொத்தம் சேர வேண்டிய மணிகள் 1,84,46,74,40,73,70,95,51,615. கதை நடந்ததோ இல்லையோ, கணக்கு உண்மை.

இந்தக் கதையைச் சற்றே மாற்றுவோம். எல்லாக் கட்டங்களிலும் மணி வைக்க வேண்டாம். நமக்கு வேண்டிய சில கட்டங்களில் மட்டும் அவற்றுக்கு உரிய மணிகளை வைப்போம்; மற்றவை காலியாகவே இருக்கட்டும். பிறகு பலகையில் உள்ள மணிகளை எல்லாம் ஒரே பையில் கொட்டி எண்ணி, மொத்தத்தை மட்டும் ஒரு நண்பனிடம் சொல்வோம். எந்தெந்தக் கட்டங்களில் மணி இருந்தது என்று பலகையைப் பார்க்காத அந்த நண்பனால் கூற முடியுமா?

முடியும். மொத்தம் 66 என்று சொல்கிறோம் என வைத்துக்கொள்ளுங்கள். 128 மணிக் கட்டமும் அதற்கு மேற்பட்டவையும் இருந்திருக்க முடியாது. 64 மணிக் கட்டம் இல்லை என்றால், அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்தாலும் 1+2+4+8+16+32 = 63தான் வரும். ஆகவே 64 இருந்தே ஆக வேண்டும். மீதி 2, அது இரண்டாவது கட்டம். வேறு விடை கிடையாது. எந்த எண்ணைச் சொன்னாலும் இப்படி ஒரே ஒரு விடைதான்.

இதில் பொதிந்துள்ள செய்தி சிறிதன்று. 66 என்பது இப்போது வெறும் எண் அல்ல. அது கட்டங்களின் ஒரு தொகுப்பு. பலகையில் எத்தனை விதமாகக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தத் தேர்வை ஓர் எண்ணாக எழுதிவிடலாம்.

கணிப்பொறி எண்களை எழுதும் முறையும் இதுவேதான். ஒவ்வொரு இடத்திலும் 1 அல்லது 0. அதாவது உண்டு அல்லது இல்லை. இத்தகைய ஓர் இடத்துக்குப் பிட் என்று பெயர். கிளாட் ஷானன் 1948இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இச்சொல் அச்சேறியது. சொல்லை யோசித்துத் தந்தவர் ஜான் டூக்கி என்று அக்கட்டுரையிலேயே ஷானன் குறிப்பிட்டிருக்கிறார். இன்று நம் மேசைமேல் உள்ள கணிப்பொறிகள் பெரும்பாலும் 64 பிட்களை ஒரே வீச்சில் கையாளுகின்றன. பலகையிலும் கட்டங்கள் 64! இந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடலாமா?

கட்டங்களுக்கு 1 முதல் 64 வரை எண் இடாமல், 0 முதல் 63 வரை இடுவோம். வெள்ளைக்காரர் அமர்ந்திருக்கும் பக்கத்தில், அவருடைய இடது மூலை 0.

56 57 58 59 60 61 62 63
48 49 50 51 52 53 54 55
40 41 42 43 44 45 46 47
32 33 34 35 36 37 38 39
24 25 26 27 28 29 30 31
16 17 18 19 20 21 22 23
08 09 10 11 12 13 14 15
00 01 02 03 04 05 06 07

6ஆம் எண் கட்டத்தின் மதிப்பு 2இன் 6ஆம் அடுக்கு, அதாவது 64. ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக் குதிரைகள் நிற்பவை 1, 6 ஆகிய கட்டங்கள். அவற்றின் எண், நாம் சற்று முன் பார்த்த அதே 66. வெள்ளைச் சிப்பாய்கள் 8 முதல் 15 வரை நிற்கின்றன. அவற்றின் எண் 65,280. கூட்டிப் பார்த்துச் சரிபாருங்கள்.

இதையெல்லாம் நாமே பெருக்கியும் கூட்டியும் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சி ப்ளஸ் ப்ளஸ் என்னும் கணிப்பொறி மொழியோடு ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்ற ஒரு நூலகம் சேர்ந்தே வருகிறது. பலரும் அடிக்கடி எழுத நேரும் நிரல்களை முன்கூட்டியே எழுதி, சோதித்து, அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. அந்த மொழிக்கு 1998இல் உலகத் தரம் வகுக்கப்பட்டபோதே, பிட் தொகுப்புகளுக்கென்று பிட்செட் என்ற ஒன்றும் அந்நூலகத்தில் இடம் பெற்றது. கீழே கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். கணிப்பொறியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

பிட்செட்<64> குதிரை;
குதிரை.செட்(1);
குதிரை.செட்(6);

முதல் வரி, 64 பிட்கள் கொண்ட ஒரு தொகுப்பை உண்டாக்குகிறது; தொடக்கத்தில் எல்லாம் 0. அடுத்த இரண்டு வரிகள் 1ஆம், 6ஆம் பிட்களை 1 ஆக்குகின்றன. செட் என்பதற்கு எதிர், ரீசெட். அது 0 ஆக்கும். ஃப்ளிப், இருப்பதை மாற்றும். டெஸ்ட், ஒரு பிட் 1ஆ 0ஆ என்று பார்த்துச் சொல்லும். கவுன்ட், தொகுப்பில் எத்தனை 1 உள்ளன என்று எண்ணும். ஓர் எச்சரிக்கை: செட் என்பதை அடைப்புக்குள் எண் தராமல் வெறுமனே அழைத்தால், எல்லாப் பிட்களும் 1 ஆகிவிடும். அவசரத்தில் எண்ணை விட்டுவிட்டால், இரண்டு குதிரைக்குப் பதிலாக 64 குதிரைகள் பலகையை நிறைத்து நிற்கும்!

தனித்தனிப் பிட்டைத் தொடுவதில் பெரிய ஆதாயம் இல்லை. முழுத் தொகுப்போடு முழுத் தொகுப்பைச் சேர்க்கும்போதுதான் இம்முறையின் வலிமை தெரிகிறது. கணக்குப் பாடத்தில் கணங்களின் சேர்ப்பு, வெட்டு, நிரப்பி என்று படித்திருப்பீர்கள். அவைதாம் இங்கே முறையே |, &, ~ ஆகிய குறிகள். வெள்ளைக் காய்கள் ஒரு தொகுப்பு, கறுப்புக் காய்கள் ஒரு தொகுப்பு என்றால், வெள்ளை | கறுப்பு என்பது ஏதேனும் ஒரு காய் நிற்கும் கட்டங்கள். ~(வெள்ளை | கறுப்பு) என்பது காலிக் கட்டங்கள். அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து கேட்க வேண்டிய கேள்விக்கு, இரண்டே செயல்களில் விடை கிடைத்துவிட்டது.

நான்காவதாக ^ என்று ஒரு குறி உண்டு. இரண்டில் ஏதேனும் ஒன்றில் மட்டும் 1 இருந்தால் 1 தரும்; இரண்டிலும் இருந்தால் 0. காயை நகர்த்த இதைவிட வசதியானது இல்லை. 6இல் உள்ள குதிரை 21க்குப் போகிறது என்போம். 6, 21 ஆகிய இரண்டு பிட்கள் மட்டும் 1 ஆக உள்ள ஒரு தொகுப்பை எடுத்து, குதிரைத் தொகுப்போடு ^ செய்தால் 6 அணைகிறது, 21 எரிகிறது. அதே செயலை இன்னொரு முறை செய்தால் குதிரை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒரு நகர்த்தலைச் செய்து பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பப் பெறுவதுதான் சதுரங்கம் ஆடும் கணிப்பொறியின் இடையறாத வேலை.

இனி, குதிரை எங்கெல்லாம் தாவலாம் என்று பார்ப்போம். எண் வரிசையைக் கவனியுங்கள். ஒரு வரிசை மேலே போனால் எண் 8 கூடுகிறது. ஒரு கட்டம் வலப்பக்கம் போனால் 1 கூடுகிறது. குதிரை இரண்டு வரிசை மேலேறி ஒரு கட்டம் வலம் போனால் 16+1 = 17 கூடும். அதேபோல் 15, 10, 6 ஆகிய கூட்டல்கள். கீழ்நோக்கி இதே நான்கு கழித்தல்கள். 28இல் நிற்கும் குதிரைக்கு 45, 43, 38, 34, 22, 18, 13, 11 என்று எட்டு இடங்கள் கிடைக்கின்றன. மேலே உள்ள பலகையில் விரலை வைத்துப் பாருங்கள், எட்டும் சரி.

பிட் தொகுப்பில் 17ஐக் கூட்டுவது என்றால், எல்லாப் பிட்களையும் 17 இடம் தள்ளுவதுதான்: குதிரை << 17. கழிப்பதற்கு எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும்: குதிரை >> 17. தொகுப்பில் எத்தனை குதிரை இருந்தாலும் எல்லாம் ஒரே தள்ளலில் தாவிவிடும். 63க்கு மேலே போனவையும் 0க்குக் கீழே போனவையும் தாமாக உதிர்ந்துவிடும். அவை பலகைக்கு வெளியே விழுந்த குதிரைகள். எட்டுத் தள்ளல்களையும் | குறியால் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததா? வலது கீழ் மூலையில், 7ஆம் கட்டத்தில் ஒரு குதிரையை நிறுத்திப் பாருங்கள். மூலைக் குதிரைக்கு இரண்டே இடங்கள்தாம் உண்டு என்பது ஆடத் தெரிந்தவர் எல்லாரும் அறிந்தது: 13, 22. ஆனால் நம் நிரல் ஐந்து இடங்களைத் தருகிறது! 7+6 = 13, 7+15 = 22 சரி. 7+17 = 24, 7+10 = 17, 7−6 = 1 ஆகிய மூன்றும் எங்கிருந்து வந்தன? பலகையில் பாருங்கள்: 24 இடது ஓரம், 17, 1 ஆகியவை அதற்கு அடுத்த நெடுவரிசை. வலது ஓரத்தைத் தாண்டிய குதிரை கீழே விழாமல், பூமியைச் சுற்றிவந்த மெகல்லனின் கப்பல்போல, இடது ஓரத்தில் வந்து முளைத்திருக்கிறது.

பிழை எங்கே? தள்ளும் குறிக்குப் பலகை தெரியாது. அதற்குத் தெரிந்தது 64 பிட்கள் கொண்ட ஒரு நீண்ட வரிசை மட்டுமே. எட்டுக்கு ஒரு முறை அவ்வரிசை மடிகிறது என்பது நம் மனத்தில் இருக்கிறதே தவிர எண்ணில் இல்லை. மேல் ஓரமும் கீழ் ஓரமும் எண் வரிசையின் இரு முனைகள். அதனால் அங்கே விழ வேண்டியவை விழுந்தன. பக்க ஓரங்கள் வரிசையின் நடுவில் உள்ளன. அவற்றை நாம்தான் காக்க வேண்டும்.

காப்பது எளிது. வலப்பக்கம் ஒரு கட்டம் போகும் தள்ளலுக்கு முன், கடைசி நெடுவரிசையில் நிற்கும் குதிரைகளை விலக்கிவிட வேண்டும். இரண்டு கட்டம் போகும் தள்ளலுக்கு முன், கடைசி இரண்டு நெடுவரிசைகளை விலக்க வேண்டும். இடப்பக்கத்துக்கும் இவ்வாறே. 7, 15, 23 என்று 63 வரை உள்ள எட்டுப் பிட்களை 1 ஆக்கி, ‘வலது1’ என்று ஒரு தொகுப்பைச் செய்துகொள்ளுங்கள். அதனோடு 6, 14, 22 என்று 62 வரை உள்ளவற்றையும் சேர்த்தால் ‘வலது2’. இனி,

(குதிரை & ~வலது1) << 17
(குதிரை & ~வலது2) << 10
(குதிரை & ~வலது2) >> 6
(குதிரை & ~வலது1) >> 15

என்று எழுதினால் வலப்பக்கத் தாவல்கள் நான்கும் ஒழுங்காகிவிடும். இடப்பக்கத்து நான்கை நீங்களே எழுதிவிடுவீர்கள்.

இந்தத் தொல்லை புதிதன்று. அமெரிக்காவில் ஆர்தர் சாமுவேல் 1950களில் செக்கர்ஸ் ஆட்டம் கற்கும் நிரலை எழுதியபோது, ஆட்டத்துக்குரிய 32 கட்டங்களை 36 பிட் கொண்ட கணிப்பொறிச் சொல் ஒன்றில் அடக்கினார். ஓரம் தாண்டும் காய்களைத் தடுக்க அவர் செய்த உபாயம் வேறு. மிச்சம் இருந்த பிட்களை வரிசையின் இடையிடையே வெற்றிடங்களாக விட்டுவைத்தார். ஓரத்தைத் தாண்டிய காய் அந்த வெற்றிடத்தில் விழும். அங்கே விழுந்ததைப் புறக்கணிக்கலாம். வயலைச் சுற்றி வேலி போடாமல் அகழி வெட்டியது போல! சதுரங்கத்தில் அதற்கு வழியில்லை, 64 பிட்டும் கட்டங்களுக்கே சரியாகப் போய்விடுகிறது. சோவியத் ஒன்றியத்தின் கைசா என்னும் நிரலும் பலகையைப் பிட் தொகுப்புகளாகவே வைத்திருந்தது. 1974இல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் வென்றது அதுதான்.

நம் நிரல் சரியா என்று எப்படி அறிவது? ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு. குதிரைகள் 1, 6. அவற்றின் தாவல்கள் 11, 12, 16, 18, 21, 23. இவற்றில் 11, 12 நம் சிப்பாய்கள் நிற்கும் இடங்கள்; & ~வெள்ளை என்று சேர்த்தால் அவை நீங்கி நான்கு மிஞ்சும். சிப்பாய்களை << 8 தள்ளி, காலிக் கட்டங்களோடு & செய்தால் எட்டு. அந்த எட்டையும் மீண்டும் << 8 தள்ளிக் காலியோடு & செய்தால் இன்னும் எட்டு. ஆக 4+8+8 = 20.

ஆனால் இந்தக் கூட்டலில் ஒரு பள்ளம் மறைந்திருக்கிறது. குதிரைகளின் இடங்களையும் சிப்பாய்களின் இடங்களையும் ஒரே தொகுப்பாக | செய்து, பிறகு கவுன்ட் கேட்டால் 20 வராது, 16தான் வரும். 16ஆம் கட்டத்துக்குக் குதிரையும் போகலாம், சிப்பாயும் போகலாம். தொகுப்பில் அதற்கு இருப்பதோ ஒரே ஒரு பிட். குதிரைகளுக்குள்ளேயும் இது நேரும்: 1, 5 ஆகிய இடங்களில் இரண்டு குதிரைகள் நின்றால் தாவல்கள் ஏழு, சேரும் கட்டங்கள் ஆறு, இரண்டுமே 11க்குப் போகக்கூடியவை. ‘எந்தக் கட்டங்கள்?’ என்ற கேள்விக்குப் பிட் தொகுப்பு விடை சொல்லும். ‘எத்தனை வழிகள்?’ என்று கேட்டால் அதற்குத் தெரியாது. நம்மிடம் தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான்.

அச்சிட்டுப் பார்க்கும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். பிட்செட்டை எழுத்துகளாக மாற்றி அச்சிட்டால், எண்களை எழுதும் வழக்கப்படி பெரிய இடம் இடப்பக்கம் வரும்; முதல் எழுத்து 63ஆம் பிட், கடைசி எழுத்து 0ஆம் பிட். எட்டெட்டாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பலகை கிடைக்கிறது. ஆனால் கண்ணாடியில் தெரியும் பலகை, இடம் வலமாக. நான் முதலில் குதிரைகளை அச்சிட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறதென்று மகிழ்ந்துபோனேன். 1, 6 என்பது கண்ணாடியிலும் 6, 1 தானே! ராஜாவை அச்சிட்டபோதுதான் அவர் ராணியின் இடத்தில் நிற்பது தெரிந்தது. இரு பக்கமும் ஒத்திருக்கும் உதாரணத்தை வைத்து நிரலைச் சோதிக்கக் கூடாது என்று அன்றுமுதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நூலகத்தைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். ஒரு பிட்டைப் படிக்க டெஸ்ட் என்று கேட்கலாம், சதுர அடைப்புக்குறியில் எண்ணை இட்டும் கேட்கலாம். 64ஆம் பிட் என்ன என்று தவறாகக் கேட்டால், டெஸ்ட் ‘எல்லை மீறிவிட்டாய்’ என்று தடுத்து நிறுத்தும். சதுர அடைப்பு தடுக்கும் என்று நம்ப முடியாது. வேகத்துக்காக அந்தச் சோதனை மொழியின் விதியிலேயே விடப்பட்டிருக்கிறது. பழகும் காலத்தில் டெஸ்ட்டே நல்லது.

மற்றொன்று, பிட்செட்டின் அளவை நிரலை எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். ஓடும்போது கூட்டவோ குறைக்கவோ இயலாது. பலகைக்கு அது குறையில்லை. எரடோஸ்தனிசின் சல்லடையால் பகா எண்களைச் சலிக்கும்போது, எதுவரை என்று நிரலை ஓட்டுபவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினால் அது போதாது. ஜாவா மொழியின் நூலகத்தில் இதே பெயரில் உள்ள தொகுப்பு, தேவைக்கேற்ப வளரும். அடுத்த 1 எங்கே, அடுத்த 0 எங்கே என்று தேடித் தரும் கட்டளைகளும் அதில் உண்டு. 10 லட்சம் வரை சலிக்க எண்ணுக்கு ஒரு பிட் வீதம் சுமார் 1,25,000 பைட் போதும். எண்ணுக்கு ஒரு பைட் என்றால் எட்டு மடங்கு வேண்டும். சலித்து முடித்ததும் 78,498 பகா எண்கள் மிஞ்சினால் சல்லடையில் ஓட்டை இல்லை.

குதிரைக்கும் அப்படி ஒரு சோதனை எண் உண்டு. காலியான பலகையில் 0 முதல் 63 வரை ஒவ்வொரு கட்டத்திலும் தனி ஒரு குதிரையை நிறுத்தி, அதன் தாவல்களைக் கவுன்ட் செய்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். 336 வர வேண்டும். ஓரக் காவலை மறந்திருந்தால் 416 வரும். கூடுதலான 80ம் சுவரைத் துளைத்துப் போன தாவல்கள். இடையில் வேறு ஏதேனும் எண் வந்தால், எட்டு வரிகளில் எங்கோ ஒரு காவலை விட்டுவிட்டீர்கள் அல்லது இடத்துக்கு வலத்தைப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ராஜாவுக்கும் இதையே எழுதிப் பாருங்கள். அவருக்கு 1, 7, 8, 9 ஆகிய நான்கு தள்ளல்கள், இரு திசையிலும். எட்டில் எத்தனை தள்ளல்களுக்குக் காவல் வேண்டும், எவற்றுக்கு வேண்டாம் என்பதை முதலில் தாளில் யோசித்துவிட்டு, பிறகு கணிப்பொறியிடம் போங்கள். கூட்டுத்தொகை 420 வந்தால் உங்கள் ராஜா பலகையைவிட்டு வெளியேறவில்லை. 462 வந்தால் 42 முறை வெளியேறியிருக்கிறார்.